டீச்சர் கேட்ட குரல்

என் அத்தானிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு. மற்றது குதிரைக்கும் என் அக்காவுக்கும்.

முதல் குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். "முதுகு நேரா வெச்சுக்கங்க சார். குதிகால் கீழ. பார்வை தூரமா. அவசரமே இல்ல, நம்ம குதிரைதான்." இரண்டாவது குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். மீசை அசையாது. "கெளம்புடீ." "நில்லுடீ." "திரும்புடீ." அதை அவர் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. உரக்கச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு லாயத்திலும் வந்ததில்லை, வீட்டிலும் வந்ததில்லை.

அத்தான் குதிரைப் பயிற்சியாளர். மாஸ்டர் என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். பயிற்சிப் பள்ளி ஊர் முடிகிற இடத்தில், மரக்கடைக்கும் பழைய டயர் கிடங்குக்கும் பின்னால் இருந்தது. மணல் கொட்டிய பெரிய வட்டம், அதைச் சுற்றி வெள்ளையடித்த மரத் தடுப்பு, தகரக் கூரை போட்ட லாயம், லாயத்துக்குப் பின்னால் பள்ளி கொடுத்த இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் அக்காவும் அத்தானும், ஓரத்துக் கட்டிலில் நானும். பள்ளி வாசலில் ஒரு சின்ன அறை உண்டு. வருகிறவர்களின் தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டைத் தேடிக் கொடுப்பதும், விழுந்தால் பள்ளி பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து வாங்குவதும் அங்கே என் வேலை. அந்தத் தாளைப் படித்துப் பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கண் குதிரை மேல் இருக்கும், கை கையெழுத்துப் போடும்.

புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஏற்றுவது டீச்சர் மேல். டீச்சர் ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை. ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் பாவம், பாடம் எடுத்தே தேய்ந்து போயிருந்தாள். கண்டவர்களும் காலால் உதைத்து உதைத்து அவள் விலா மரத்துவிட்டது. கண்டவர்களும் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கித் தொங்கி வாயும் மரத்துவிட்டது. அவளிடம் வேலை செய்தது காது ஒன்றுதான். அந்தக் காதும் அத்தானின் இரண்டாவது குரலைத் தவிர வேறெதையும் கேட்காது.

இதுதான் அத்தானின் தொழில் ரகசியம். வட்டத்தின் நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "அப்படித்தான் சார், காலால லேசா ஒரு அழுத்து, ஆங்..." என்று வெண்ணெய்க் குரலில் இழுத்து, வாலாக அடித்தொண்டையில் "கெளம்புடீ" என்பார். டீச்சர் கிளம்புவாள். மேலே இருக்கிறவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். தன் கால் அழுத்தியதால்தான் அத்தனை பெரிய உடம்பு நகர்கிறது என்ற பூரிப்பில் காது வரைக்கும் சிரிப்பு ஓடும்.

"பாத்தீங்களா, மொத நாளே உங்க பேச்சக் கேக்குது! எல்லாருக்கும் இப்படி அமையாது சார்."

எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமும், கல்யாணப் படம் எடுப்பதற்காக ஒரு வாரம் மட்டும் கற்றுக்கொள்ள வந்த மாப்பிள்ளையிடமும் சொன்னார். பல் டாக்டர் ஒருவர் வருவார். டீச்சரை விட்டு வேறு குதிரைக்கு மாறவே மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டவர். பல்லைப் பிடுங்க வருகிற நோயாளி வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடக்கும்போது, "எல்லாம் கால்ல இருக்குங்க, லேசா ஒரு சிக்னல் குடுத்தா போதும்" என்று பாடம் நடத்துவாராம்.

அடுத்த படிக்குப் போகிறவர்களுக்குப் பட்டாசு என்ற கறுப்புக் குதிரை. பட்டாசுக்கு அத்தானின் குரல் பழக்கமில்லை, அவரும் பழக்கவில்லை. டீச்சர் மேல் ராஜா மாதிரி இருந்தவர்கள் பட்டாசு மேல் ஏறிய கொஞ்ச நேரத்தில் மணலில் கிடப்பார்கள். அத்தான் நிதானமாக நடந்து போய்க் கை கொடுப்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் மாஸ்டர் சொல்வதை வேதம் என்று எடுத்துக்கொள்வார். இன்னும் இத்தனை மாதம் பயிற்சி வேண்டும் என்றால் மறுபேச்சுப் பேச மாட்டார்.

"மொதல்ல ஏத்தி வெக்கணும், அப்புறம் எறக்கணும். விழுந்தாத்தான் நாக்கு அடங்கும்" என்று வீட்டில் சாப்பிடும்போது சொல்வார். இதுதான் அவருடைய பயிற்சி முறை. புத்தகம் போட்டிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

நானும் அப்படி ஏற்றி இறக்கப்பட்டவள்தான். மச்சினி என்று சலுகை எதுவும் காட்டவில்லை. பட்டாசு என்னைத் தடுப்புக் கட்டையில் சாத்தியதில் காறை எலும்பு முறிந்தது. பள்ளியை நடத்துகிற முதலாளியம்மா இரக்கப்பட்டுக் கொடுத்த வேலைதான் இந்த ஹெல்மெட் வேலை. எலும்பு கூடி வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்து வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அந்த வால் குரலை நான் கண்டுபிடித்தேன்.

இனி அக்கா. நல்ல ஆகிருதி, அகலமான தோள். இவள் ஒரு அறை விட்டால் எதிரில் இருக்கிறவன் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான் என்று தோன்றும். ஆனால் பேசினால் என்ன சொன்னாள் என்று இரண்டு தரம் கேட்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அடித்தொண்டைக் குரலுக்கு எழுந்து, அதற்கே உட்கார்ந்து, குரல் என்பதே அவளுக்குத் தேவைப்படாமல் போய்விட்டது. "தண்ணி." "வெளக்க அணைடீ." "மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்க? திரும்புடீ." அவளும் திரும்புவாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்வான். அக்கா எடுத்து "சாப்ட்டியாப்பா?" என்று முடிப்பதற்குள், "அப்பாகிட்ட குடு" என்பான்.

அப்படிப்பட்டவளை முதலாளியம்மா ஒரு நாள் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் தனி வகுப்பு ஆரம்பிக்கப் போறேன். பெண் மாஸ்டர் வேணும்னு தாய்மாருங்க கேக்கறாங்க. நீ எடுக்கறியா?" என்று கேட்டார். குதிரையைக் கண்டு அலறிய ஒரு குழந்தையை அக்கா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு டீச்சரின் கழுத்தைத் தடவ வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். நிபந்தனை ஒன்றுதான். பள்ளியின் ஆண்டு நாளில், பெற்றோர் முன்னால், அக்கா தனியாகக் குதிரையை நடத்தி, துள்ளு நடையில் சுற்றி, கோட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்தால்தான் பிள்ளைகளை நம்பி அனுப்புவார்கள்.

அன்று துணி காயப்போடும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "இந்த வீட்டுல நான் சொல்லி எந்த உயிராவது கேட்டிருக்கா பாப்பா? ஒரு பூனை வருது, அதுகூட அவர் 'போ'ன்னாத்தான் போகுது. ஒரே ஒரு தடவை நான் சொல்லி ஒண்ணு கேக்கணும். அது குதிரையா இருந்தாலும் சரி."

அத்தான் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "கத்துக்கோயேன். வெளி ஆள் எதுக்கு? நானே சொல்லித் தர்றேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாளே அக்கா டீச்சர் மேல் ஏறினாள். என்னுடைய பழைய பூட்ஸ் அவள் காலைக் கடித்தது, பொருட்படுத்தவில்லை. அத்தான் நடுவில் நின்றார். ஆச்சரியம், அக்காவிடம் வெண்ணெய்க் குரலில் பேசினார்! "முதுகு நேரா. தோளைத் தளர்த்திக்கோ. சபாஷ். இப்போ கால்..." வாலாக அந்த மற்றது. டீச்சர் கிளம்பினாள். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் ஹெல்மெட் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தால் வந்த அழுகை இல்லை.

நாளாக நாளாக அக்கா ஆளே மாறினாள். காலை அகட்டி அகட்டி நடந்தாள். காய் நறுக்கும்போதும் முதுகை நேராக வைத்துக்கொண்டாள். கேட்காமலேயே பேசினாள். "துள்ளு நடையில அவ கூடவே நாமளும் எழுந்து உக்காரணும் பாப்பா, இல்லேன்னா குடல் வாய்க்கு வந்துடும்." அத்தானும் அவளைத் தூக்கிக் கொண்டாடினார். லாயக்காரரிடமும் பல் டாக்டரிடமும், "என் வீட்டுக்காரிக்குப் பிறவி ஞானம் சார், எனக்கே தெரியாமப் போச்சு" என்றார். அக்காவின் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் போட்டு உடைத்தேன். "அக்கா, அது உன் பேச்சக் கேக்கலை. அவர் தொண்டைக்குள்ள சொல்றாரு, அதக் கேக்குது. டீச்சருக்கு விலாவே மரத்துப் போச்சு. அவர வாய மூடச் சொல்லிட்டு ஓட்டிப் பாரு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நீ விழுந்துட்ட. அதனால நானும் விழணுமா?"

"அக்கா..."

"எனக்கு நல்லது ஒண்ணு நடந்தா உனக்கே ஆகலையே பாப்பா. வேற யாரு எனக்காகச் சந்தோஷப்படுவாங்க?"

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஆண்டு நாளுக்கு முந்தின சாயங்காலம் அத்தான் முதலாளியம்மாவிடம் போய்ப் பணிவாகச் சொன்னார். "நாளைக்கு நான் தடுப்புக்கு வெளியிலதான் நிப்பேங்க. வாயே தொறக்க மாட்டேன். அப்புறம் மாஸ்டர் பொண்டாட்டிக்கு மாஸ்டரே உதவி பண்ணாருன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க." முதலாளியம்மா உருகிவிட்டார். "உங்க நேர்மை யாருக்கு வரும் மாஸ்டர்!" என்றார். நான் பக்கத்தில் நின்று ஹெல்மெட் துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கண்சிமிட்டலுக்காக அவரை நான் இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை.

மறுநாள் தடுப்பைச் சுற்றிக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாய்மார்கள், தடுப்பில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள், முன்வரிசையில் புது பூட்ஸோடு பல் டாக்டர். அக்கா டீச்சர் மேல் ஏறி வட்டத்தின் நடுவுக்கு வந்தாள். லாயக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு விலகினார். அக்கா முதுகை நேராக்கினாள், பார்வையைத் தூரத்தில் வைத்தாள், காலை அழுத்தினாள்.

டீச்சர் நின்றாள்.

மறுபடி அழுத்தினாள். டீச்சர் வாலால் ஈயை விரட்டினாள். அக்கா குதிகாலால் தட்டினாள், கடிவாளத்தை அசைத்தாள், குனிந்து காதருகில் ஏதோ சொன்னாள். அவளுடைய சொந்தக் குரலில், யாருக்கும் கேட்காத அந்தக் குரலில். டீச்சர் ஒரு காதைக்கூடத் திருப்பவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அம்மா, குதிர தூங்குதா?" என்று ஒரு குழந்தை கேட்டது. அதோடு சிரிப்பு எல்லா நாற்காலிக்கும் பரவியது.

அக்கா அத்தானைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லுங்க என்று கெஞ்சுகிற பார்வை. அவர் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்கு அடியில் புன்னகை இருந்தது. அந்தப் புன்னகையை அக்கா பார்த்துவிட்டாள். நான் சொன்னது அத்தனையும் அப்போதுதான் அவளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இறங்கி ஓடிவிடுவாள் என்று நினைத்து நான் தடுப்புக் கதவுக்குப் போனேன்.

அக்கா இறங்கவில்லை. மூச்சை இழுத்தாள்.

"கெளம்புடீ."

அது அத்தானின் குரல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி. அதே அடித்தொண்டை, அதே இழுப்பு, கடைசியில் அதே வெட்டு. டீச்சரின் காது இரண்டும் சட்டென்று நிமிர்ந்தன. கிளம்பினாள்.

"துள்ளுடீ." துள்ளு நடை. "திரும்புடீ. மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்க? திரும்புன்னா திரும்பணும்." குதிரைக்கான பேச்சு எது, வீட்டுப் பேச்சு எது என்று பிரிக்க முடியாமல் வந்துகொண்டே இருந்தது. "வாயத் தொறந்தா பல்லு இருக்காது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நட." சிரித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் சிரிப்பை விழுங்கினார்கள். ஒருத்தி அத்தானைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தி, பிறகு வரிசையே திரும்பியது. அக்கா இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "நில்லுடீ" என்றாள். டீச்சரின் முன்னங்கால்கள் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றன.

கைதட்டல் வரவில்லை. பல் டாக்டர்தான் முதலில் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாஸ்டர், அப்ப நான் இத்தன நாளா குதிர ஓட்டவே இல்லையா?"

"அதெல்லாம் இல்ல சார்..."

"கால் சிக்னல்னு சொன்னீங்களே. இப்ப நீங்க ஏறுங்க. வாயத் தொறக்காம ஓட்டிக் காட்டுங்க."

மற்ற மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளியம்மா அத்தானையே பார்த்தார். இத்தனை பேர் எதிரில் முடியாது என்று சொல்ல எந்த மாஸ்டருக்கு வாய் வரும்? அக்கா இறங்கினாள். அத்தான் ஏறினார்.

அவர் கெட்டிக்காரர்தான். வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் விரலை அசைத்தே ஆட வைத்திருப்பார். ஆனால் டீச்சரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தானே. அழுத்தினார், தட்டினார், உதைத்தார். மரத்த விலாவுக்கு மாஸ்டர் கால் என்றும் மாணவர் கால் என்றும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது பிள்ளைகள் மட்டுமில்லை, தாய்மார்களும் வாய்விட்டே சிரித்தார்கள். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. லாயக்காரர் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி டீச்சரின் அடிவயிற்றில் ஓங்கி விட்டார்.

சாட்டையே பார்க்காமல் கிழவியான குதிரை அது. கனைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. தடுப்பை ஒட்டி மணல் பறக்க ஓடியது. அத்தான் பிடரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஒரு சொல், ஒரே ஒரு "நில்லுடீ" சொல்லியிருந்தால் டீச்சர் நின்றிருப்பாள். ஆனால் வாயைத் திறக்காமல் ஓட்டுகிறேன் என்றல்லவா ஏறினார்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டி எதிரில் தோற்பதைவிட விழுவது மேல் என்று நினைத்திருப்பார்.

அக்கா வட்டத்தின் நடுவில் நின்றிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"அக்கா! நீ சொல்லேன்! நில்லுன்னு சொல்லு!" நான் கத்தினேன்.

அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பூட்ஸ் முனையைப் பார்த்தாள்.

அத்தான் தடுப்புக் கட்டையில் மோதி விழுந்த சத்தம் டயர் கிடங்கு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். இடுப்பெலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் சொல் "தண்ணி". அக்கா கொடுத்தாள். சற்றுப் பொறுத்துத்தான் கொடுத்தாள்.

அக்காவுக்கு வகுப்பு கிடைத்தது. முதலாளியம்மா வியாபாரி. டீச்சர் கேட்கிற குரல் ஒன்று படுத்துவிட்டது, இன்னொன்று எழுந்து நிற்கிறது. அவருக்கு வேறென்ன கணக்கு வேண்டும்? சில பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் நிற்கவில்லை. பல் டாக்டர்கூடக் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுத் திரும்பி வந்தார். நோயாளிகளிடம் அவ்வளவு பேசிவிட்ட பிறகு அவர் வேறென்ன செய்வார்?

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு நடை பழக்க வேண்டும் என்றார்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, பின்னால் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "அவர் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

தினமும் மத்தியானம் அந்த அறையில் பாடம் நடந்தது. "முதுகு நேரா. தோளத் தளர்த்திக்கங்க. பார்வை தூரமா. சபாஷ்!" வெண்ணெய் தடவிய குரல். அதையும் அவள் கற்றிருந்தாள். பெல்ட்டைப் பிடித்த அவள் கையை நான் பார்த்தேன். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவர் உடம்பு முழுவதையும் அந்தக் கைதான் தூக்கிச் சுமந்தது. "கையே வெக்கலைங்க, சும்மா தொட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீங்களே நடக்கறீங்க!" என்றாள். அத்தான் முகம் பூரித்தது. அந்தப் பூரிப்பை ஜன்னல் வழியாக எத்தனை பேர் முகத்தில் பார்த்தவள் நான்.

"அக்கா, வேணாம்" என்றேன், அடுப்படியில்.

"என்ன வேணாம்?"

"உனக்கே தெரியும்."

"அவர் சந்தோஷமா இருக்காரு பாப்பா. உனக்குப் பொறுக்கலையா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு அவளே முதலாளியம்மாவையும் பல் டாக்டரையும் வீட்டுக்கு அழைத்தாள். மாஸ்டர் நடக்கிறார், வந்து பாருங்கள், சீக்கிரமே வேலைக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறாள். அத்தான் சவரம் செய்துகொண்டார். மீசையை ஒதுக்கி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கட்டிலிலிருந்து அக்காவின் கையைப் பிடித்து எழுந்தார்.

"டாக்டர் ஆறு மாசம்னாரு. என் உடம்பு சொன்னபடி கேக்கும் மேடம்" என்றார் முதலாளியம்மாவிடம். ஓரடி, இன்னோரடி. அறையின் நடுவுக்கு வந்தார். "பாருங்க, கையக்கூட வெக்கலை அவ."

"ஆமாங்க, வெக்கலை" என்றாள் அக்கா. கையை எடுத்தாள்.

அவர் உடனே விழவில்லை. ஒரு விநாடி நின்றார். தன் கால்கள் தன்னிடம் இல்லை என்று அந்த ஒரு விநாடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்க்க முயன்றார். முழங்கால் மடங்கி, முகம் கட்டில் சட்டத்தில் இடித்து, முதலாளியம்மாவின் செருப்பருகில் போய்க் கிடந்தார். பல் டாக்டர் பாய்ந்து தூக்கப் போனார். அக்கா அவரைத் தடுத்தாள். நிதானமாக நடந்து போய்க் கை நீட்டினாள்.

"பரவாயில்ல. இன்னும் ரொம்ப நாள் பழகணும் போல" என்றாள்.

அத்தான் உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்ப்பார், அக்கா வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பட்டதெல்லாம் போதாது என்று நினைத்தவள்தான் நான். ஆனாலும் அன்றிலிருந்து அக்காவின் முன்னால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. என் கட்டிலை ஹெல்மெட் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து வட்டம் நன்றாகத் தெரியும். ஒரு காலை, மாணவர்கள் வருவதற்கு முன்பு, அக்கா டீச்சரை வட்டத்தில் அவிழ்த்துவிட்டிருந்தாள். சேணம் இல்லை, கயிறு இல்லை. டீச்சர் தடுப்போரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அக்கா நடுவிலிருந்து கூப்பிட்டாள். "வாம்மா. இங்க வாம்மா." அவளுடைய சொந்தக் குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதைக் கேட்டேன். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, திரும்பு, திரும்பு என்று டீச்சரை நானும் மனத்துக்குள் கெஞ்சினேன்.

"வாம்மா, கண்ணு. நான்தான் கூப்பிடறேன்."

டீச்சர் தடுப்புக் கட்டையை நக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். கடைசித் தரம் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் முதல் வகுப்புக்கு வந்த பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"திரும்புடீ" என்றாள்.

டீச்சர் திரும்பினாள். நான் அந்தப் பெண்ணின் தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டைத் தேடத் தொடங்கினேன்.